படிநிலைக் குறிச்சொற்கள்: ஏற்றுமதியில்

லைட்ரூம் கிளாசிக் போன்ற ஒளிப்படப் பட்டியல் மென்பொருள்களில் ‘இடம், தமிழ்நாடு, சேலம்’ என்று கிளைவிடும் குறிச்சொற்கள், ஏற்றுமதியாகும் படத்தின் எக்ஸ்எம்பி தரவில் இரண்டு வடிவில் பதியலாம். ஒன்று, பரவலாகப் படிக்கப்படும் தட்டையான சொற்பட்டியல். மற்றொன்று, செங்குத்துக் கோட்டால் பிரிக்கப்பட்ட அடோபியின் தனி அடுக்கு. டிஜிகாம் என்ற மென்பொருளோ தனக்கென வேறொரு புலம் வைத்துச் சாய்கோட்டால் பிரிக்கிறது. ஆகவே வெளியே போகும் படத்துக்குத் தட்டையான பட்டியலையே முதன்மையாகக் கொள்வது தகும். அடுக்கு சொந்தச் சேமிப்புக்கு உதவும். அப்படியானால் தமிழ்நாட்டுச் சேலமும் ஒரிகன் சேலமும் குழம்பாவா என்று கேட்கலாம். தாய்ச்சொற்களையும் சேர்த்து ஏற்றுமதி செய்யும் தெரிவை இயக்கினால் ‘தமிழ்நாடு’ உடன் வந்து குழப்பத்தைத் தீர்க்கும். ஒரே படத்தில் இரு கிளைகள் கலந்தால் மட்டும் எது எதன் பிள்ளை என்பது தெரியாது. அந்த இழப்பு உண்மையானதே. ‘இடம்’ போன்ற வெறும் தலைப்புச் சொல்லைத் தேடுவார் யார்? அதன் ஏற்றுமதியை நிறுத்திவிடலாம்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ஐபிடிசி ஐஐஎம் வடிவில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்டுகளே இடம். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. ‘கி’ என்ற ஓரெழுத்தே இரண்டு குறியீடுகளாகி 6 பைட்டு பிடிக்கும். 21 குறியீடுகளைத் தாண்டும் சொல் அங்கே அடங்காது. எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை.