மருதானையிலிருந்து மழைக்காடு வரை
இறக்குவானைப் பயணமும் சில வரலாற்றுக் குறிப்புகளும்

எமது கல்லூரியின் வகுப்பறைகளில் அமர்ந்து பாடம் கேட்ட எவருக்கும் மருதானைப் புகையிரத நிலையத்தின் ஓசை மறந்திருக்காது. கணித பாடத்தின் நடுவே வண்டி ஊதும். ஆசிரியை ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்வார். வடக்குக்கும் மலைநாட்டுக்கும் போகும் பெரிய வண்டிகளை நாம் அறிவோம். அதே நிலையத்திலிருந்து பிரிந்து சென்ற ஒரு சிறிய பாதை, இலங்கையின் மழைக்காட்டு ஓரம் வரை ஒரு காலத்தில் மக்களைக் கொண்டுசென்றது என்பதை நாம் நெடுங்காலம் நினைத்துப் பார்க்கவில்லை. நூற்றாண்டு விழாவை ஒட்டி, பழைய மாணவியர் பன்னிருவர் அந்தத் திசையில் மேற்கொண்ட இரண்டு நாள் பயணத்தின் பயனாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

களனிப் பள்ளத்தாக்குப் பாதை என்பது அதன் பெயர். ஏனைய பாதைகள் ஐந்தரை அடி அகலத்தில் அமைந்திருக்க, இது இரண்டரை அடி அகலமே கொண்டது. 1902 இல் அவிசாவளையையும், 1903 இல் எட்டியாந்தோட்டையையும், 1912 இல் இரத்தினபுரியையும், 1919 இல் ஓப்பநாயக்கவையும் அது சென்றடைந்தது. இறப்பரும் தேயிலையும் கொழும்புக்கு வந்து சேரவேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். ஆயினும் தோட்டங்களில் வேலைபார்த்த எழுதுவினைஞர், கணக்கப்பிள்ளை, கடை முதலாளி ஆகியோரின் பிள்ளைகளும் அதில் ஏறி மருதானையில் இறங்கினர். எமது விடுதியின் மூத்த மாணவியர் சிலர் தகரப் பெட்டியோடு அந்தச் சின்னக் கோச்சியில் வந்தவர்களே. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்க வரையிலான பாதை மூடப்பட்டது. 1990களில் அவிசாவளை வரையிலான பகுதி அகலப் பாதையாக மாற்றப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளம் இருந்த இடம் இன்று பல ஊர்களில் வீதியாகவும் வீட்டு முற்றமாகவும் கிடக்கிறது.

எனவே நாம் வானில்தான் சென்றோம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தோழியரை ஏற்றிக்கொண்டு, விடியுமுன் கல்லூரி வாசலில் கூடிப் புறப்பட்டோம். அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை, காவத்தை என்று கடந்து, மாதம்பை என்ற சந்தியில் தெற்கே திரும்பினால் இறக்குவானை. ஒரு கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், சுற்றிலும் மலை. ஊர் அவ்வளவுதான். ஊரைத் தாண்டியதும் புளுத்தொட்டைக் கணவாயின் பத்து வளைவுகள் தொடங்கும். ஒவ்வொரு வளைவுக்கும் குளிர் ஏறும். மேலே சூரியகந்தையை அடைந்ததும் ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் சிங்கராஜ வனத்தின் கிழக்கு ஓரம். வீதி அங்கிருந்து தெனியாயவுக்கு இறங்குகிறது.

மழைக்காடு என்பதை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருந்தோம். ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீற்றர் மழை. மாதம் தவறாத ஈரம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்கான மரங்கள். அங்குள்ள மரவகைகளில் பாதிக்கும் மேற்பட்டவை வேறெங்கும் காணப்படாதவை. களுகங்கைக்கு வடக்கிலும் ஜின்கங்கைக்குத் தெற்கிலும் நீர் கொடுப்பது இந்தக் காடு. நேரில் பார்த்தபோது எமக்கு முதலில் புலப்பட்டது அட்டை. சவர்க்காரம், தேசிக்காய் என்று ஆளுக்கொரு வைத்தியத்தோடு வந்திருந்தோம், ஒன்றும் பலிக்கவில்லை. வழிகாட்டி சிரித்துவிட்டு, நின்று பேசாமல் நடக்கச் சொன்னார். பன்னிரண்டு பெண்கள் பேசாமல் நடப்பது அட்டையைவிடப் பெரிய சோதனையாக இருந்தது. ஆனால் நீல உடலும் செந்நிறச் சிறகுமாகப் பறவைக் கூட்டமொன்று தலைக்கு மேலே கலகலத்துச் சென்றபோது எவரும் பேசவில்லை.

இந்தக் காட்டுக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. 1840 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம், உறுதிப்பத்திரம் காட்டமுடியாத காட்டு நிலத்தை முடிக்குரியதாக்கியது. அதன் வழியாகவே மலைக்காடுகள் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் போயின. இறக்குவானை மலைகளும் முதலில் கோப்பி விளைந்த மலைகள்தான். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. சிங்கராஜவின் பெரும்பகுதி 1875 மே மாதத்து அரச வர்த்தமானியில் முடிக்குரிய காடாக அறிவிக்கப்பட்டது. செங்குத்தும் சேறும் தோட்டத்துரைமாரைத் தடுத்ததால் அது கோடரிக்குத் தப்பியது. 1930களில் இங்கு வந்த ஒக்ஸ்போர்ட் விலங்கியல் அறிஞர் ஜோன் பேக்கர், 1937 இல் இதைப்பற்றி எழுதிய கட்டுரை உலக அறிஞரின் கவனத்தை ஈர்த்தது.

பின்னர் ஒரு பெரிய ஆபத்து வந்தது. 1970களின் தொடக்கத்தில், கொஸ்கமவில் அமைந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காகச் சிங்கராஜவின் மேற்குப் பகுதியில் மரம் வெட்டத் தொடங்கினர். வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தினரும் பல்கலைக்கழக அறிஞர்களும் பத்திரிகைகளும் எதிர்த்தனர். 1977 இல் ஆட்சி மாறியதை அடுத்து வெட்டு நின்றது. 1978 இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகங்களில் ஒன்றாகச் சிங்கராஜ சேர்க்கப்பட்டது.

இந்த இடத்தில் எமது வகுப்புத் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். இறக்குவானைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளையின் மகள். விடுதியில் எம்மோடு இருந்தவள். அவள் காலத்தில் சின்னக் கோச்சி நின்றுவிட்டது, பஸ்ஸில்தான் வருவாள். பெரிய மரங்களை ஏற்றிய லொறிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து வரும் என்றும், அதனாலேயே தாமதமாயிற்று என்றும் விடுதிப் பொறுப்பாளரிடம் அவள் விளக்கம் சொல்வாள். நாம் அதைச் சாட்டு என்று நினைத்துச் சிரித்தோம். அந்த மரங்கள் எங்கிருந்து வந்தன என்பது இப்போதுதான் எமக்கு விளங்குகிறது. விடுமுறை முடிந்து வரும்போதெல்லாம் வாழைச் சருகில் சுற்றிய கித்துள் கருப்பட்டி கொண்டுவருவாள். 1977 ஓகஸ்ட் விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அந்த மாதம் நாடெங்கும் தமிழர்மீது வன்முறை பரவியது. தோட்டத்து மக்களும் தப்பவில்லை. அவளுடைய குடும்பம் வவுனியாப் பக்கம் போனதாகப் பின்னர் கேள்விப்பட்டோம். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் மீண்டும் தாக்கப்பட்டன.

தோட்டத்து மக்களுக்கும் ஒரு சட்ட வரலாறு உண்டு. தமிழகத்திலிருந்து வந்து மூன்று, நான்கு தலைமுறை உழைத்தவர்களை 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. சிங்கராஜவின் மரங்களைக் காக்கவேண்டும் என்று கொழும்பில் கூட்டம் நடந்த அதே ஆண்டுகளில், அந்தக் காட்டின் ஓரத்து மக்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறிக்கொண்டிருந்தனர்.

சூரியகந்தைக்கு இப்பால் ஒரு தோட்டத்தில் நாம் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. லயத்து வாசலில் நின்ற முதிய அம்மா ஒருவர், “நனையாதீங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க” என்று அழைத்தார். பெரிய குவளைகளில் பிளேன்டியும் கருப்பட்டித் துண்டும் வந்தன. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். அவருடைய அண்ணன் குடும்பத்தோடு கூடலூருக்குப் போனவர். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக 1968 முதல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அங்கும் காட்டை வெட்டித்தான் தேயிலை நட்டார்கள்.

“நீங்கள் ஏன் போகவில்லை, அம்மா?” என்று கேட்டோம்.

“எங்க அப்பா எழுதிக் குடுக்கல்லம்மா. இங்கதான் பொறந்தேன், இங்கயே இருந்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. கல்யாணம் கட்டி, புள்ளைங்க பெரிசான பொறகுதான் அடையாள அட்டை கையில கெடச்சது.”

எந்த ஆண்டு என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் அவரைப் போன்றோருக்கு வழிதிறந்த சட்டம் எதுவென்று எமக்குத் தெரியும். அது 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் நாடற்றவராக இருந்த இந்திய வம்சாவளியினரை அது இலங்கைக் குடிமக்களாக ஏற்றுக்கொண்டது. எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1988 இல்தான், அதே நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய மரபுரிமை வனப்பகுதிகள் பற்றிய 3 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், சிங்கராஜ தேசிய மரபுரிமை வனமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டு முடியுமுன் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. காடு இந்த நாட்டின் சொத்து என்பதும், அதன் ஓரத்தில் பிறந்தவர் இந்த நாட்டின் மக்கள் என்பதும் ஒரே ஆண்டில் எழுத்தில் ஏறின. முதலாவதை எமது பிள்ளைகள் பொது அறிவுப் போட்டிக்காக மனனம் செய்கிறார்கள். இரண்டாவதை நாமே, வயது அறுபதைக் கடந்தபின், ஒரு லயத்து வாசலில் மழைக்கு ஒதுங்கியபோதுதான் சேர்த்து நினைத்தோம்.

இதில் காட்டின்மேல் எமக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. காடு காக்கப்பட்டது நாடு செய்த நல்ல காரியம். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களைச் சிதைத்தபோது, மலையில் மரம் நிற்பதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. அந்தச் சரிவுகளில் வாழ்வோருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். எமது கேள்வி எம்மை நோக்கியது. சிங்கராஜ எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்கக் கற்ற நாம், அங்கிருந்து வந்து எமது வாங்கில் எம்மோடு இருந்தவளிடம் அவளுடைய ஊரைப்பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவளாவது கணக்கப்பிள்ளையின் மகளாக இருந்ததால் எம்மிடம் வந்தாள். லயத்துப் பிள்ளைகள் வரவே இல்லை. தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் அந்நாளில் வகுப்பு இல்லை. கல்லூரியின் நூறாண்டு வரலாற்றை எழுதும்போது, வந்தவர்களின் பட்டியலோடு வரமுடியாதவர்களையும் நினைப்பது நேர்மை என்று கருதுகிறோம்.

புறப்படும் நேரத்தில் அந்த அம்மா தம் பேத்தியை அழைத்து அறிமுகம் செய்தார். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிறாள். “ரசாயனம் தமிழ்ல சொல்லிக் குடுக்க டீச்சர் இல்லீங்கம்மா. தனியா வாசிச்சுத்தான் படிக்கிறா” என்றார். எம்மோடு வந்தவர்களில் இருவர் ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியைகள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இன்று சனிக்கிழமைதோறும் காலையில் கொழும்பிலிருந்து தொலைபேசி வழியாக வகுப்பு நடக்கிறது. முதலில் ஒருத்தி, இப்போது அயல் தோட்டங்களையும் சேர்த்து ஒன்பது பேர். மழை கனத்தால் சமிக்ஞை அறுந்துவிடும்; மறு நாள் தொடருவார்கள்.

திரும்பி வந்தபின் கல்லூரியின் பழைய விடுதிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். கறையான் தின்றது போக எஞ்சிய பக்கங்களில் இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, தெனியாய என்ற முகவரிகளில் இருபத்து மூன்று பெயர்கள் இருந்தன. எமது தோழியின் பெயர் கடைசியில் இருந்தது. விலகிய திகதிக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த இருபத்து மூன்று பேரையும், அல்லது அவர்களுடைய மக்களையும் தேடும் பணியைச் சங்கம் ஏற்றுக்கொண்டுள்ளது. இந்த மலர் வவுனியாவிலோ, கூடலூரிலோ, கடல் கடந்த ஊர்களிலோ அவர்களுள் ஒருவரை அறிந்தவரின் கைக்குக் கிடைக்குமாயின், சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.