அமிர்தசரஸ்: எல்லைக்கோடு தேடி வந்த ஊர்

வட இந்தியச் சுற்றுலா போகும் நம்மவர்கள் அமிர்தசரஸுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு நாள். காலையில் பொற்கோயில், அதற்குப் பக்கத்திலேயே ஜாலியன்வாலா பாக், மாலையில் வாகா எல்லையில் கொடியிறக்கம். நடுவில் குல்ச்சாவும் ஒரு பெரிய டம்ளர் லஸ்ஸியும். அதனால் எல்லை ஊர் என்றே மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் 370 வருடங்கள் இந்த ஊருக்குப் பக்கத்தில் எல்லை என்று ஒன்று கிடையாது.

சீக்கியர்களின் நான்காம் குரு ராமதாஸ் 1577-ல் இங்கே குளம் வெட்டினார். அந்த அமுதக் குளம்தான் ஊருக்குப் பெயர். அடுத்த குரு அர்ஜன் குளத்தின் நடுவே கோயில் எழுப்பி, 1604-ல் ஆதி கிரந்தத்தை அங்கே வைத்தார். அடிக்கல் நாட்டியவர் லாகூர் சூஃபி ஞானி மியான் மீர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். நம் ஊர்க் கோயில்களுக்குப் பல இடங்களில் படி ஏறிப் போகிறோம். இங்கே படி இறங்க வேண்டும். நான்கு பக்கமும் வாசல். தங்கத் தகடு வேய்ந்தவர் மகாராஜா ரஞ்சித் சிங். அவருடைய தலைநகரம் லாகூர். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற தூரம்தான், ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

காஷ்மீரிலிருந்து சால்வை நெசவாளர்களும் வியாபாரிகளும் இங்கே வந்து குடியேறினார்கள். சால்வையும் குங்குமப்பூவும் விற்ற அப்படியொரு குடும்பத்தில் பிறந்தவர் பாரிஸ்டர் சைஃபுதீன் கிச்லு. 1919-ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து ஊரைத் திரட்டியவர்கள் அவரும் டாக்டர் சத்யபாலும். அந்த வருடம் ஏப்ரல் 9-ம் தேதி ராமநவமி. ஊர்வலத்தில் முஸ்லிம்களும் கலந்துகொண்டார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடித்தார்கள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. ஆட்சியாளர்களுக்குக் கலக்கம். மறுநாளே இருவரையும் பிடித்து தர்மசாலாவுக்கு அனுப்பினார்கள். ஊர் கொந்தளித்தது, துப்பாக்கிச் சூடு, பதிலுக்குக் கலவரம், ஐரோப்பியர் ஐவர் கொலை. 13-ம் தேதி ஜாலியன்வாலா பாகில் கூடிய மக்கள்மீது ஜெனரல் டயரின் சிப்பாய்கள் சுட்ட குண்டுகள் 1650. அரசாங்கக் கணக்கில் இறந்தவர்கள் 379 பேர். காங்கிரஸ் கணக்கு அதைவிட மிக அதிகம். சுவரில் குண்டு பட்ட அடையாளங்களை இன்றும் பார்க்கலாம்.

பிறகு 1947. அதற்கு முன் இந்தியாவுக்கே வந்திராத ராட்கிளிஃப் ஐந்து வாரத்தில் கோடு போட்டார். கோடு வெளியானது ஆகஸ்ட் 17. அதாவது, சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்துத்தான் லாகூர் அந்தப் பக்கம், அமிர்தசரஸ் இந்தப் பக்கம் என்று உறுதியாயிற்று. ஊரில் ஏறக்குறைய பாதிப் பேர் முஸ்லிம்கள். கொலையும் தீயுமாக மாதங்கள் கழிந்தபோது அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அதேபோல் அடிபட்டு இந்துக்களும் சீக்கியர்களும் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள்.

கிச்லு பிரிவினையைக் கடைசிவரை எதிர்த்தவர். யாருடைய கைதுக்காக 1919-ல் ஊரே தெருவுக்கு வந்ததோ, அவருடைய வீட்டை 1947 கலவரத்தில் கொளுத்திவிட்டார்கள். அவர் பாகிஸ்தானுக்குப் போகவில்லை. டெல்லியில் குடியேறி, 1963-ல் அங்கேயே காலமானார்.

இதையெல்லாம் வாகாவின் கைதட்டலில் தெரிந்துகொள்ள முடியாது. பழைய டவுன்ஹால் கட்டடத்தில் 2017-ல் திறந்த பிரிவினை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அங்கே பூ வேலை செய்த ஒரு புல்காரி மேலங்கியும் ஒரு தோல் பெட்டியும் இருக்கின்றன. கல்யாணம் பேசி முடித்திருந்த இருவர் கலவரத்தில் பிரிந்து, ஆளுக்கொரு வழியில் தப்பி, அமிர்தசரஸ் அகதி முகாமில் சாப்பாட்டு வரிசையில் மறுபடி சந்தித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பொருள்கள் அவை. மானத்துக்கு அஞ்சிக் கிணற்றில் குதித்த பெண்களின் நினைவாக ஒரு கிணறும் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் யாரும் செல்ஃபி எடுப்பதில்லை என்று சொல்ல ஆசைதான்.

பொற்கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். இரண்டு மணி நேரமாவது வேண்டும். வாகாவுக்கு மத்தியானமே கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால் இதைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.