காலும் களமும்

நெடுங்காட்டைச் சுற்றியுள்ள வயல்களில் சம்பா அறுப்பு முடிந்து வைக்கோற்போரும் ஏறிவிட்டால், மாசி மாதத்து மாலை நேரங்களில் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் மாறிவிடுகிறார்கள். இரண்டு கல்லை வைத்து, 'இதுதான் கோல்' என்று சொல்லிவிட்டால் போதும். பையன்கள் பந்தை உதைக்கத் தொடங்கிவிடுவார்கள். காவிரி வண்டல் காய்ந்து வெடித்திருக்கும். அறுத்த தாள் பாதத்தில் குத்தும். அதையெல்லாம் யார் லட்சியம் செய்கிறார்கள்?

இப்போது பையன்களுக்கு இன்னோர் ஆசை பிறந்திருக்கிறது. பச்சைப் பிளாஸ்டிக் புல்லை விரித்து, சுற்றிலும் வலை கட்டி, விளக்குப் போட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் 'டர்ஃப்' மைதானங்கள் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட முளைத்துவிட்டன. பெற்றவர்கள் கவலையோடு கேட்கிறார்கள்: "அந்தப் புல்லில் ஆடினால் முழங்கால் போய்விடுமாமே, நிஜந்தானா?" இதற்கு வைத்தியர் சொல்லும் பதில் ஒன்று உண்டு, சரித்திரம் சொல்லும் பதிலும் ஒன்று உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

1948-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கால்பந்துக் குழு பிரான்சை எதிர்த்து ஆடியது. அன்றைக்கு நெடுங்காடு பிரான்சின் ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் முதல் தேதிதான் காரைக்கால் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆகவே, எல்லைக்கு இந்தப்புறம் இருந்தவர்களுக்கு அந்த ஆட்டத்தில் எந்தக் கட்சி 'நம் கட்சி' என்பது ரசமான கேள்விதான்! நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். இந்தியாவுக்காக ஒரு கோல் போட்டவர் சாரங்கபாணி ராமன். கும்பகோணத்துப் பெருமாளின் திருநாமம். இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டு, ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொரு கோலும் வாங்கி, 2-1 என்று தோற்றோம். ஆனாலும் அது கௌரவமான தோல்வி.

நாலு வருஷம் கழித்து, 1952-இல் ஹெல்சிங்கியில், யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று தோற்கடித்தது. அங்கேயும் நம்மவர்கள் பலர் பூட்ஸ் இல்லாமலே ஆடினார்கள். அதன் பிறகுதான் இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. நம் ஊர்த் தரையில் பழகிய பாதத்துக்கு வடதேசத்துக் குளிர்ந்த புல் ஒத்துவரவில்லை. காலுக்கும் களத்துக்கும் பொருத்தம் வேண்டும் என்பதை நாம் கற்ற விலை அது.

இனிப் பிளாஸ்டிக் புல்லின் ஜாதகத்தைப் பார்ப்போம். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாட இடமில்லையே என்ற நல்லெண்ணத்தில் அமெரிக்காவில் ஃபோர்டு அறக்கட்டளை ஊக்குவித்த ஆராய்ச்சியின் பலன் அது. 1964-இல் ராட் ஐலண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் பெரிய அளவில் விரித்தார்கள். மறு வருஷம் ஹூஸ்டனில் கூரை போட்ட பிரம்மாண்டமான ஆஸ்ட்ரோடோம் அரங்கம் திறந்தது. கூரை வழியே வந்த வெளிச்சம் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசவைத்தது. கூரைக்கு வர்ணம் பூசினார்கள். வெயில் இல்லாமல் உள்ளே இருந்த புல் செத்துப்போனது. 1966-இல் பிளாஸ்டிக் புல் வந்தது. 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற பெயரும் நிலைத்தது. பிள்ளைகளுக்காகப் பிறந்த பொருள் கூரைக்காக வளர்ந்தது என்று சொல்லலாம்.

கால் என்ன ஆயிற்று? 1976-இல் மேற்கு வர்ஜீனியாவில் மருத்துவர்கள் ஒரு காயத்துக்கு 'டர்ஃப் டோ' என்று பெயர் வைத்தார்கள். கெட்டியான தரை, எளிதில் வளையும் புதுவிதச் செருப்பு - இரண்டும் சேர்ந்து கால் கட்டைவிரலின் மூட்டை மடக்கி நோகச் செய்தன. இங்கிலாந்தில் 1981-இல் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் செயற்கைக் களம் போட்டது. பந்து தாறுமாறாக எகிறியது. சறுக்கி விழுந்தவர்களுக்குத் தோல் உரிந்தது. சில வருஷங்களில் பழைய புல்லே திரும்பி வந்தது.

இன்று நாம் காணும் டர்ஃப் மூன்றாம் தலைமுறை. நீண்ட இழைகளுக்கு நடுவே மணலும் ரப்பர்த் துகளும் தூவியது. இது முன்னோர்களைப் போல அவ்வளவு பொல்லாதது அல்ல. நார்வேயில் 2005-இல் பதினேழு வயதுக்குட்பட்ட சுமார் இரண்டாயிரம் பெண்களின் ஆட்டத்தைக் கவனித்தார்கள். மொத்தக் காயங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் போட்டி ஆட்டங்களில் பலத்த காயங்கள் மட்டும் செயற்கைப் புல்லில் அதிகமாக இருந்தன. காரணத்தை ஊகிப்பது கஷ்டமல்ல. ஓடுகிறவன் சட்டென்று திரும்பும்போது, இயற்கைப் புல்லாக இருந்தால் மண் கொஞ்சம் பெயர்ந்து காலை விட்டுக்கொடுக்கும். பிளாஸ்டிக் இழை பிடித்தால் பிடித்ததுதான். உடல் திரும்பும், பாதம் நிற்கும். நடுவில் அகப்படுவது முழங்கால். வெயிலில் வாடும் நம் சீமைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: உயிருள்ள புல் தன் ஈரத்தை விட்டுக் குளிர்ந்துகொள்ளும், பிளாஸ்டிக்கின் மேற்பரப்போ நண்பகலில் 60 டிகிரியையும் தாண்டும்.

2015-இல் கனடாவில் மகளிர் உலகக் கோப்பை முழுவதையும் செயற்கைப் புல்லில் நடத்தியபோது, ஆடும் பெண்களே முன்கூட்டி ஆட்சேபித்தார்கள், பலனில்லை. 2017-இல் பதினேழு வயதினருக்கான உலகக் கோப்பைக்குக் கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானமோ, விரித்திருந்த பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு இயற்கைப் புல்லை வளர்த்தது.

இதனால் பையன்களை டர்ஃபுக்கு அனுப்பவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வெடித்த வயலும் கணுக்காலைப் பிசகவைக்கும். ஐப்பசி மழையில் வயல் நீரில் கிடக்கும்போது பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள்? ஆனால் இந்தச் சரித்திரத்தில் பந்தைப் பற்றி யோசித்தவர்கள் உண்டு. கூரையைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் யோசித்தவர்கள் உண்டு. காலின் முறை எப்போதும் கடைசியில்தான் வந்தது. ஆகையால் வெயில் தாழ்ந்த பிறகு போகச் சொல்லுங்கள். ஆடுமுன் கால்மணி நேரம் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். புறப்படும்போது பையனின் ஷூவை ஒருதரம் திருப்பிப் பாருங்கள்: அடியில் நீண்ட முளைகள் இருந்தால் அது புல்தரைக்கு உரியது, டர்ஃபுக்கு வேண்டியவை குட்டையான, நெருக்கமான முளைகள். ஹெல்சிங்கியில் பத்து கோல் வாங்கிப் படித்த பாடத்தை ஒரு முழங்காலைக் கொடுத்து மறுபடி படிப்பானேன்?