பொலன்னறுவையும் ஒரு தமிழ்ச் சாசனமும்

பழைய நகரொன்றைக் காணச் செல்வோர் பெரியவற்றைக் கண்டு வியந்து திரும்புவது இயல்பு. பொலன்னறுவைக்குச் செல்வோருக்கும் அவ்வியப்புக்குக் குறைவில்லை. கடல்போற் பரந்து கிடக்கும் பராக்கிரம சமுத்திரமும், உயர்ந்தோங்கிய செங்கற் சுவர்களும், பாறையிற் செதுக்கிய புத்தர் திருவுருவங்களும் ஒருநாட் பொழுதை எளிதில் விழுங்கிவிடும். ஆயினும் அந்நகரின் நடுவே, அடதாகே என்னும் சிதைந்த கட்டடத்தின் அருகில், கற்பலகையொன்று நிற்கின்றது. கண்ணைக் கவரும் சிற்பம் எதுவும் அதில் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. அவ்வெழுத்துக் கூறும் செய்தி தமிழிலே அமைந்தது. பொலன்னறுவையின் வரலாற்றை அறிய விரும்பும் தமிழர் அக்கல்லின் முன் சிறிது நேரம் நிற்பது நன்று.

பொலன்னறுவை முன்னரும் அரசர் சிலர் தங்கியிருந்த இடமே. எனினும் அதனை நாட்டின் ஆட்சிப்பீடமாக்கியோர் சோழர். முதலாம் இராசராசனின் படைகள் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையின் வடபகுதியை வென்றன. 1017 ஆம் ஆண்டளவில், அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். அனுராதபுரத்தைக் கைவிட்ட சோழர் பொலன்னறுவையை ஏன் தெரிந்தனர்? மகாவலி கங்கையின் துறைகள் அதற்கு அண்மையில் உள்ளன. தெற்கே உறுகுணையிலிருந்து எழும் எதிர்ப்பைத் தடுத்து நிறுத்த அதனிலும் ஏற்ற இடம் இல்லை. ஜனநாதமங்கலம் என்பது சோழர் அந்நகருக்கு இட்ட பெயர்.

அக்காலத்தை நினைவூட்டும் கட்டடம் இன்றும் முழுமையாக நிற்கின்றது. தொல்பொருளாளர் இரண்டாம் சிவ தேவாலயம் என எண்ணிட்ட அச்சிறு கோயில், அடி முதல் முடிவரை கல்லாலேயே ஆனது. வானவன் மாதேவி ஈஸ்வரம் என்பது அதன் பழம்பெயர். சோழ அரசியொருத்தியின் பெயரால் எழுந்த அக்கோயிலின் சுவரிலே சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. கருவறைக்கு மேல் எழும் விமானம் உயரத்தாற் சிறியது, அமைப்பினால் நிறைவானது. செங்கல்லால் எழுந்த பெருமாளிகைகள் மண்மேடாகிவிட, இக்கற்கோயில் காலத்தை வென்று நிற்கின்றது.

1070 ஆம் ஆண்டளவில் உறுகுணையிலிருந்து வந்த முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினான். மாற்றார் அமைத்த தலைநகரென்று அவன் அதனை வெறுத்து ஒதுக்கவில்லை. அதுவே அவனுடைய தலைநகரும் ஆயிற்று. விஜயராஜபுரம் என்ற பெயரும் அதற்கு வழங்கியது. சோழர் எடுப்பித்த சிவன் கோயிலும் நிலைத்தது. புத்தர்பிரானின் புனித தந்தத்தை வைத்து வழிபடுவதற்கான ஆலயமும் அந்நகரிலே எழுந்தது.

இங்கேதான் வேளைக்காரரின் கதை தொடங்குகின்றது. தலைவனுக்கு இடர் நேரும் வேளையில் உயிரையும் ஈவதாக உறுதிபூண்ட படையினரை வேளைக்காரர் என்பர். விஜயபாகுவின் படையிலும் அவர்கள் இருந்தனர். ஆனால் அவன் சோழருக்கெதிராகப் போர் தொடுக்கத் துணிந்தபோது, அவர்கள் போருக்குச் செல்ல மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். சேனாதிபதிகள் இருவரைக் கொன்று, அரசனின் தங்கையைச் சிறைபிடித்து, அரண்மனைக்கும் தீயிட்டனர் என்று மகாவம்சம் கூறுகின்றது. தலைநகரை விட்டு நீங்கிய அரசன் படை திரட்டி மீண்டு வந்து, கிளர்ச்சித் தலைவர்களைக் கடுமையாகத் தண்டித்தான்.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், வேளைக்காரர் என்னும் பெயர் பழியொன்றையே சுமந்து நின்றிருக்கும். அடதாகேயின் அருகிலுள்ள கற்பலகை அதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது.

1110 ஆம் ஆண்டளவில் விஜயபாகு மறைந்தான். அரியணைக்காக அரசகுலத்தாரிடையே பூசல் மூண்டது. அத்தகைய காலத்தில் புனித தந்தம் இருக்கும் ஆலயத்தை யார் காப்பது? முகலன் என்னும் மகாதேரர் அரசின் அமைச்சர்களோடு வந்து, அப்பொறுப்பை ஏற்குமாறு வேளைக்காரரையே வேண்டினார். முன்னர் அரண்மனையை எரித்த கூட்டத்தின் பெயரைத் தாங்கியோரிடமே நாட்டின் தலைசிறந்த வழிபாட்டுப் பொருள் ஒப்படைக்கப்பட்டது.

வேளைக்காரர் ஒன்றுகூடினர். வலங்கையார், இடங்கையார், வடுகர், மலையாளர் எனப் பல பிரிவினர் அவர்களுள் இருந்தனர். தம் மூதாதையர் நிலையில் வைத்துப் போற்றிய வலஞ்சியரையும், நகரத்தார் என்னும் வணிகரையும் அவர்கள் அவைக்கு அழைத்தனர். ஆலயத்துக்கு மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி எனத் தம் பெயரையே சூட்டினர். நிலமும் பணியாளும் ஒதுக்கினர். ஆலயத்தையும், அதற்குரிய ஊர்களையும், பண்டாரத்தையும், அங்கே அடைக்கலம் புகுந்தோரையும் தமக்குக் கேடு நேரினும் காப்பதாக உறுதி கூறினர். இவ்வேற்பாட்டை மீறுவோர் தம் படைக்குப் பிழைத்தவராவதோடு, புத்தம், தர்மம், சங்கம் என்னும் மும்மணிகளுக்கும் பிழைத்தவராவர் என்று விதித்தனர். இவை யாவற்றையும் தம் தாய்மொழியிலேயே கல்லில் வெட்டுவித்தனர். அதனைப் படித்துப் பொருளறியத் தக்கோர் அந்நகரில் வாழ்ந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அதன் பின்னரே பொலன்னறுவை தன் புகழின் உச்சியை அடைந்தது. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பழைய குளங்களை இணைத்து விரித்துப் பெருங்குளம் அமைத்தான். பேரரண்மனையும் இலங்காதிலக ஆலயமும் எழுப்பினான். கல் விகாரையில் ஒரே பாறையைக் குடைந்தும் செதுக்கியும் நான்கு திருவுருவங்களை அவன் காலச் சிற்பிகள் வடித்தனர். கிடந்த கோலத்திலுள்ள புத்தரின் நீளம் 46 அடிக்கும் மேலானது. தலையணை, தலையின் பாரத்தால் அமுங்கியது போலவே கல்லிற் காட்டப்பட்டிருக்கின்றது. அவனுக்குப் பின் வந்த நிசங்கமல்லன் தன் பெருமையை ஏறத்தாழ 27 அடி நீளமான கல்லிற் பொறித்தான். கற்புத்தகம் என வழங்கும் அதனை மிகிந்தலையிலிருந்து கொண்டுவந்ததாக அக்கல்லே உரைக்கின்றது.

1215 இல் கலிங்க நாட்டு மாகன் படையெடுத்து வந்தான். அவனுடைய படையில் மலையாளரும் தமிழரும் இருந்தனர் என்றும், அவர்கள் விகாரைகளைச் சூறையாடினர் என்றும் பழைய நூல்கள் வருந்திக் கூறுகின்றன. புனித தந்தத்தைப் பிக்குகள் மலைநாட்டுக்கு எடுத்துச் சென்று மறைத்தனர். நகரம் மெல்ல மெல்லக் காட்டின் வசமாயிற்று. 1900 ஆம் ஆண்டுக்குப் பின்னர் தொல்பொருட் பகுதியினர் அகழ்ந்தபோது, முதலாம் சிவ தேவாலயம் என எண்ணிட்ட கோயிலின் சூழலில் நடராசரும் அம்மையும் சமயகுரவரும் வெண்கலத் திருமேனிகளாக வெளிப்பட்டனர். ஆனந்த குமாரசுவாமி 1914 இல் வெளியிட்ட நூலில் இலங்கை வெண்கலங்களை ஆராய்ந்து, அவற்றின் அழகை உலகறியச் செய்தார். கொழும்பு நூதனசாலையில் அத்திருமேனிகளைக் காணலாம்.

ஆகவே, காத்தோரும் தமிழ் பேசினர். சிதைத்தோருள்ளும் தமிழ் பேசினோர் இருந்தனர். இவற்றுள் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் உரைப்பது வரலாறாகாது. சிங்கள மன்னன் சோழரின் நகரைத் தன் நகராக ஏற்றான்; பௌத்த தேரர் வேளைக்காரரை நம்பினார்; வேளைக்காரர் அந்நம்பிக்கையைத் தம் கடனாக ஏற்றனர். இவற்றையும் மறைத்தல் தகாது. பொலன்னறுவையை ஓர் இனத்துக்கே உரியதென்று கூறுவோருக்கு அந்நகரின் கற்களே மறுமொழி கூறும்.

கல் விகாரையைக் காண விரைவோர் வழியிலே அடதாகேயைக் கடப்பர். அவ்வேளையிற் பிள்ளைகளின் கையைப் பிடித்து அக்கற்பலகையின் அருகே அழைத்துச் செல்வது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடன். ஒன்பது நூற்றாண்டுகளின் வெயிலும் மழையும் பட்ட எழுத்துகள் அவை. இன்றைய எழுத்துகளோடு அவை முற்றும் ஒவ்வா. ஆயினும் கூர்ந்து நோக்கினால் இடையிடையே அறிந்த எழுத்தொன்று முகம் காட்டும். தமக்குரியதன்று என்று ஒதுக்கத்தக்க ஒன்றைத் தம் உயிரினும் மேலாகக் காப்போம் என்று உறுதி கூறியோர் ஒருகாலத்தில் இருந்தனர் என்னும் செய்தியைப் பிள்ளைகள் அக்கல்லின் முன் நின்றே கேட்கட்டும்.