எதை டிக் பண்றது சார்?

விழுப்புரம் நீதிமன்ற வாசலில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். இப்போது வக்கீல். கையில் ஒரு படிவம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டப்படி, செல்போன் பதிவு, வீடியோ போன்றவற்றைத் தாக்கல் செய்யும்போது இணைக்கவேண்டிய சான்றிதழ். அதில் ‘ஹாஷ் மதிப்பு’ என்று ஓரிடம். பக்கத்தில் எஸ்.எச்.ஏ.1, எஸ்.எச்.ஏ.256, எம்.டி.5 என்று கட்டங்கள். "எதை டிக் பண்றது சார்?" என்றார்.

ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. எவ்வளவு பெரிய கோப்பானாலும் குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கிவிடும். ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். இரண்டு கோப்புக்கு ஒரே எண் வந்தால் அதற்குப் பெயர் மோதல்.

திண்டிவனத்தில் கணக்குப் பாடம் எடுத்தபோது பிள்ளைகளிடம் பிறந்தநாள் கேட்பேன். 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே நாள் அமைய பாதிக்கு மேல் வாய்ப்பு. என் வகுப்பில் சோடிகள் இன்னும் அதிகம். வயது கணக்குக்காக ஜூன் மாதத் தேதியை எழுதியே சேர்த்த காலம் அது!

எம்.டி.5-ஐ 1991-இல் உருவாக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் ரொனால்டு ரிவெஸ்ட். நம் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம், இரண்டு பதிவுகள் ஒரே ஹாஷ் தருவது கணினிக்கு இயலாததாக இருக்கவேண்டும் என்றே விளக்கம் சொல்கிறது. நான்கே ஆண்டு. 2004 ஆகஸ்டில் சீனப் பேராசிரியர் வாங் சியாவ்யுன் எம்.டி.5 மோதலைக் காட்டிவிட்டார். இரண்டு கோப்புக்கு இடையே சிறு வேறுபாடு வைத்து, கணக்கின் படிகளில் போகப்போக அது தானே கழிந்துபோக வழி செய்தார். இன்று சாதாரண மடிக்கணினியிலேயே இது நடக்கும். 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிலையமும் எஸ்.எச்.ஏ.1-க்கும் அதே கதியைக் காட்டின. ஒரே ஹாஷ், இரண்டு பி.டி.எஃப். அதன்பிறகு வந்த நம் படிவத்தில் இரண்டுக்கும் கட்டம் இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எஸ்.எச்.ஏ.256-ஐயும் சும்மா விடவில்லை. 2008-இல் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சோமித்ர சனத்யாவும் பலாஷ் சர்க்காரும், அதன் 64 படிகளை 24-ஆகக் குறைத்த வடிவத்தில் மோதல் கண்டார்கள். முழு 64 படிக்கு இன்றுவரை யாரும் காணவில்லை.

"அப்போ எம்.டி.5 மட்டும் போட்ட பழைய கேஸ் எல்லாம் போச்சா சார்?" என்றார். இல்லை. மோதல் செய்பவர் இரண்டு கோப்பையும் தானே தயாரிக்கவேண்டும். அடுத்தவர் ஏற்கெனவே எடுத்த வீடியோவுக்கு ஒத்த ஹாஷுடன் போலி செய்ய இன்னும் வழியில்லை. ஆகவே முதல் கேள்வி, அந்தக் கோப்பு ஹாஷ் எடுக்குமுன் யார் கையில் உருவானது என்பதே. அதைக் குறுக்கு விசாரணையில் கேளுங்கள் என்றேன். பையன் குறித்துக்கொண்டு, 256-க்கு டிக் போட்டார்.