ஆக்கவுரிமையும் காலமும்: வன்னியை முன்வைத்து ஒரு நோக்கு

கண்டுபிடிப்பு ஒன்றுக்கான ஆக்கவுரிமை விண்ணப்பத்தை அரசு விரைந்து பரிசீலித்தல் வேண்டும் என்ற கோரிக்கை இன்று பல நாடுகளில் எழுகின்றது. தமிழகத்தார் காப்புரிமை என வழங்கும் இவ்வுரிமை பற்றிய இக்கோரிக்கையை அலுவலக நடைமுறை சார்ந்த சிறு விடயமாகவே பலரும் கருதுவர். ஆயின் வரலாற்று நிலைநின்று நோக்குமிடத்து, ஒரு சமுதாயத்தில் யாருடைய காலம் பெறுமதியுடையதாகக் கொள்ளப்படுகின்றது என்ற வினாவே அதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பின் அனுபவத்தைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

ஆக்கவுரிமை வணிக முதலாளித்துவத்தோடு தோன்றியது. வெனிஸ் நகரத்தின் 1474ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கிலாந்தின் 1624ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் தொடக்கப் படிகள். கைத்தொழிற் புரட்சி முற்றியபோதும் இங்கிலாந்தில் உரிமை பெறும் வழி மன்னராட்சிக் காலத்துச் சடங்காகவே எஞ்சியிருந்தது. 1850இல் சாள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய சிறுகதையொன்றில், தொழிலாளி ஒருவன் தனது கண்டுபிடிப்புக்கு உரிமை பெற முப்பதுக்கு மேற்பட்ட படிகளைத் தாண்டி, 96 பவுணுக்கு மேல் இழக்கின்றான். இரண்டு ஆண்டுகளின் பின், 1852இல், ஆக்கவுரிமைக்கெனத் தனி அலுவலகம் அமைந்தது. தாமதத்தை வர்க்கப் பிரச்சினையாக முதலில் உணர்த்தியோருள் இலக்கியகாரரும் இருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதுதானா என அதிகாரி தேடிப் பார்க்கும் முறை பின்னரே நிலைபெற்றது. அமெரிக்கா 1836ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனை ஏற்றது. பிரித்தானியா 1902ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்றது. பரிசீலனை வந்ததும் காத்திருப்போர் வரிசையும் வந்தது. வரிசை நீண்டதும் அதில் முந்துவதற்கான வழிகளும் தேடப்பட்டன.

இலங்கையில் இவ்வுரிமை குடியேற்ற ஆட்சியின் வழியாக வந்தது. பிரித்தானியக் கண்டுபிடிப்பாளருக்கான கட்டளைச் சட்டம் பிறந்த 1859, கோப்பித் தோட்டங்களின் காலம். அதற்கு முன்னரே, 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டிருந்தது. குளமும் வயலும் சேனையுமாக வாழ்ந்த வன்னிக் குடியானவன், அரசின் ஏட்டில் எழுதப்படாத உரிமை உரிமையன்று என்ற பாடத்தை நிலத்தின் வழியாகவே கற்றான். அறிவுக்கும் அதே விதி பொருந்துவதாயிற்று.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் விவசாயி இருசில்லு உழவு இயந்திரத்தை ‘லான்ட்மாஸ்டர்’ என்றே அழைப்பான். அது ஓர் ஆங்கில நிறுவனத்தின் பெயர். ஆயின் அந்நிறுவனம் 1950களில் உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த அவ்வகை இயந்திரத்தை வடிவமைத்தவர் கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்ற இலங்கையரான ரே விஜேவர்தன. கண்டுபிடித்தவர் பெயர் வயலில் வழங்கவில்லை. உற்பத்திச் சாதனத்தை உடைமையாகக் கொண்ட நிறுவனத்தின் பெயரே வழங்குகின்றது. கல்வியும் தொடர்புகளும் வாய்க்கப்பெற்ற ஒருவரின் ஆக்கமே இவ்வாறு நிறுவனத்தின் பெயரால் அறியப்படுமாயின், கிராமத்துக் கொல்லனின் நிலை யாதாகும்?

1990இன் பின் ஏற்பட்ட பொருளாதாரத் தடை இதற்கு விடை தருகின்றது. எரிபொருளும் மின்சாரமும் மறுக்கப்பட்ட வன்னியில், சில துளி பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுமாறு மோட்டார் சைக்கிள்கள் மாற்றியமைக்கப்பட்டன. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஜாம் போத்தலும் பஞ்சுத் திரியும் சிக்கன விளக்காயின. இவை தேவையின் நெருக்குதலால் கூட்டாகப் பிறந்து, கைமாறிக் கைமாறித் திருந்திய ஆக்கங்கள். இவற்றுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. சட்டமோ ஏற்கெனவே பகிரங்கமாகிவிட்ட ஒன்றைப் புதியதெனக் கொள்வதில்லை. எனவே பரிசீலனை எத்துணை விரைவு பெறினும் இவ்வாக்கங்களை அது தீண்டாது. அலுவலகத்தின் கடிகாரம் விண்ணப்பம் மேசைக்கு வந்த கணத்திலிருந்தே ஓடத் தொடங்குகின்றது. வன்னியின் தாமதமோ அம்மேசைக்கு வருமுன்னரே நிகழ்ந்துவிடுகின்றது.

விரைவு வழிகளை வகுத்த நாடுகளின் ஏற்பாடுகளும் இதனையே உணர்த்துகின்றன. அமெரிக்கா 2011இல் மேலதிகக் கட்டணம் செலுத்துவோர்க்கு முன்னுரிமைப் பரிசீலனையை வழங்கியது. இந்தியா 2016இல் துரித பரிசீலனையை விதியாக்கி, புதுத் தொழில் முயற்சிகள் முதலியவற்றுக்கு அதனைத் திறந்தது. 2019இல் சிறு நிறுவனங்களுக்கும் பெண் விண்ணப்பதாரர்க்கும் அரசு நிறுவனங்களுக்கும் விரித்தது. பெண்களை உள்ளடக்கியமை முற்போக்கான படியே. எனினும் நிறுவனமாகப் பதிவு செய்யாத தனி ஆண் கைவினைஞன், சாதாரண உள்நாட்டு விண்ணப்பத்தோடு, அவ்விதியின் பட்டியலில் நேரடியாக இடம்பெறவில்லை. உழைப்பாளி முதலில் ‘நிறுவனம்’ ஆதல் வேண்டும்; அதன் பின்னரே அவனது காலம் அவசரமுடையதாகின்றது.

விரைவுக்கு மறுபக்கமும் உண்டு. வேப்பெண்ணெயைக் கொண்டு பங்கசுகளைக் கட்டுப்படுத்தும் முறையொன்றுக்கு ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் 1994இல், அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்கும் கிரேஸ் நிறுவனத்துக்கும் உரிமை வழங்கியது. வேம்பின் பயன் தமிழர் வீடுகளுக்குப் புதிதன்று. 1995இல் ஆட்சேபம் தாக்கலாயிற்று. 2000இல் உரிமை இரத்தாகி, மேன்முறையீட்டின் பின் 2005இலேயே அம்முடிவு உறுதியாயிற்று. தவறான உரிமையொன்றை அகற்றப் பத்து ஆண்டுகள் சென்றன. வழங்குதலில் மட்டும் வேகத்தைக் கோருவோர், அகற்றுதலில் உள்ள இத்தாமதம் பற்றிப் பேசுவது அரிது.

இவற்றால் விரைந்த பரிசீலனை தீதென நாம் கூறவரவில்லை. முடிவின்றித் தொங்கும் விண்ணப்பம், பெரு நிறுவனம் சிறு உற்பத்தியாளரை அச்சுறுத்துவதற்கும் கருவியாகலாம். தாமதத்தால் முதலில் நலிபவன் முதலற்றவனே. ஆகவே விரைவு வேண்டும். ஆனால் அது பணத்தாலும் நிறுவன வடிவத்தாலும் அளக்கப்படாது, சமூகத் தேவையால் அளக்கப்படல் வேண்டும்; ஆட்சேபங்களை விசாரிப்பதிலும் அதே விரைவு பேணப்படல் வேண்டும்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தேசிய அலுவலகம், கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில், கொழும்பில் உள்ளது. ஆயின் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உண்டு. 2021 முதல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகமும் உண்டு. தடைக்காலத்துப் பட்டறைகளில் உழைத்தோர் முதுமையடைந்து வருகின்றனர். அவர்தம் ஆக்கங்களைத் திகதியோடும் வரைபடத்தோடும் பதிவு செய்து வெளியிடுதல் இந்நிறுவனங்களின் கடமையாகும். அவ்வாறு வெளியாகும் ஏடு எவருக்கும் ஏகபோகம் தராது. நாளை வேறொருவர் அவ்வறிவைத் தமக்கே உரியதெனக் கோருமிடத்து மறுக்கும் சான்றாக நிற்கும். வன்னியைப் பொறுத்தவரை, விரைவு முதலில் வேண்டப்படுவது இப்பணியிலேயே.