விளையாட்டு மையத்தில் பிள்ளையைக் கவனிப்பது யார்?

ஈப்போ பேரங்காடிகளில் உள்ள உள்ளரங்க விளையாட்டு மையங்களுக்குச் சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அங்குச் செலுத்தும் கட்டணம் விளையாடும் இடத்துக்கானது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கானது அன்று.

ரப்பர் தோட்டங்களில் இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பெற்றோர் விடியற்காலையில் பால்மரம் வெட்டச் செல்லும்போது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வர். தொட்டில், உணவு, விளையாட்டு எல்லாம் ஆயாவின் பொறுப்பு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தபின், அப்பொறுப்பின் ஒரு பகுதியை ‘தாஸ்கா’ எனும் பராமரிப்பு மையங்கள் ஏற்றன. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணம் பெற்றுப் பராமரிக்கும் இடம் சமூகநல இலாகாவில் பதிவுபெற வேண்டும். பெற்றோர் உடனிருக்கும் விளையாட்டு மையம் அத்தகையதன்று. அங்கு ஆயாவின் வேலையும் பெற்றோருடையதே.

எனவே, கைப்பேசியை ஒதுக்கிவைத்துப் பிள்ளையைக் கண்பார்வையிலேயே வைத்திருங்கள். தவழும் குழந்தைகளுக்குத் தனிப்பகுதி உண்டா எனக் கேளுங்கள்; பெரிய பிள்ளைகள் ஓடும் இடத்தில் அவர்களை விடாதீர்கள். காலுறை கொண்டு செல்லுங்கள்.

கை, கால், வாய்ப்புண் நோய்க் கிருமிக்குக் கைத்தூய்மி மட்டும் போதாது. விளையாடியபின், உண்பதற்கு முன் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். காய்ச்சலோ கொப்புளமோ இருந்தால் அன்றைய பயணத்தைத் தள்ளிப்போடுவதே மற்றப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.